திட்டம் முடிந்த பிறகும் நிறுவனம் நிற்க வேண்டுமானால்: இராமநாதபுரம் கடற்கரைத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

மண்டபம் முதல் சாயல்குடி வரையிலும், வடக்கே தொண்டி வரையிலும் பரவியிருக்கும் சிறு தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் மார்ச் மாதக் கடைசி வாரம் எப்படிக் கழியும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் வந்து சேர்ந்த நிதியை 31ஆம் தேதிக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் ஒரே வாரத்தில் நான்கு பயிற்சிகள் நடக்கும். சாப்பாட்டு பில்லும் வருகைப் பதிவேடும் புகைப்படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்காளர் இரவு பத்து மணி வரை சரிபார்த்துக்கொண்டிருப்பார். ஏப்ரல் பிறந்ததும் அதே அலுவலகத்தில் களப்பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. திட்டம் வெற்றி என்று அறிக்கை போயிருக்கும். அதை நடத்திய நிறுவனமோ அடுத்த நிதி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய நிறுவனங்களின் திட்டப் பொறுப்பிலும் கணக்குப் பொறுப்பிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். இந்த நிலைக்குக் காரணம் திட்ட மேலாண்மை தெரியாததல்ல. பெரும்பாலும் அதை நிதி வழங்குபவரின் தேவைக்கு மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டதுதான் காரணம். நாம் இன்று பயன்படுத்தும் முறைகள் பிறந்த இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். வேலைகளின் வரிசையில் எது தாமதித்தால் எல்லாம் தாமதிக்கும் என்று கண்டறியும் முறை, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபான்ட் இரசாயன நிறுவனத்திலும், ஏறத்தாழ அதே காலத்தில் அந்நாட்டுக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திலும் உருவானது. திட்டத்தின் நோக்கத்தையும் அதை அளக்கும் விதத்தையும் ஒரே தாளில் காட்டும், தொண்டுத் துறையில் எல்லோரும் நிரப்பும் ‘லாக்பிரேம்’ அட்டவணை, 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமைக்காக உருவாக்கப்பட்டது. ஏவுகணை பறந்துவிட்டால் ஏவுகணைத் திட்டம் முடிந்தது. நம் கரையில் ஒரு மாலைப் பள்ளியோ குடிநீர் நிலையமோ திறந்துவைக்கப்படும் நாளில்தான் வேலையே தொடங்குகிறது. ஆகவே அந்த முறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எங்கெங்கே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முடிவை முதலில் எழுதுதல்

விண்ணப்பம் எழுத உட்காரும்போது முதலில் எழுத வேண்டியது நோக்கமல்ல. திட்டம் முடிந்த மறுநாள் எது யார் கையில் இருக்கும், அதை நடத்த மாதம் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இந்தப் பக்கத்தை எழுத முடியாவிட்டால் அந்தத் திட்டத்தை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கீழக்கரைக்கு மேற்கே ஒரு மீனவக் கிராமத்தில் நாங்கள் அமைத்துக் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதை இதைக் கற்பித்தது. கட்டடம், ஆழ்துளைக் கிணறு, இயந்திரம், திறப்பு விழா என எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. குறித்த தேதிக்கு ஒன்பது நாட்கள் முன்பாகவே வேலையை முடித்தோம். நிதி வழங்கிய கம்பெனி பாராட்டுக் கடிதமும் அனுப்பியது. உப்பைப் பிரிக்கும் சவ்வு (மெம்பரேன்) இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது என்பதும், உப்புக்காற்றில் மோட்டாரும் இரும்புச் சட்டமும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிட வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நாங்களும் எழுதவில்லை. மூன்றாம் ஆண்டில் இயந்திரம் நின்றபோது, குழுவின் பொருளாளராக இருந்த அக்கா கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது: “மெம்பரேன் மாத்தணும்னு அன்னைக்கே சொன்னீங்க சார், எவ்வளவு ஆகும்னு மட்டும் யாருமே சொல்லலையே.”

அவர் கேட்ட கணக்கை முன்கூட்டியே போடுவது கடினமல்ல. உதாரணத்துக்கு, 150 வீடுகள் உள்ள ஊரில் ஒவ்வொரு வீடும் நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேனை 7 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 1,050 ரூபாய், மாதத்துக்கு 31,500 ரூபாய் வரும். இயக்குபவர் சம்பளம் 9,000, மின்சாரம் 6,000, வடிகட்டியும் மருந்தும் 3,000 என்று 18,000 ரூபாய் போனால் 13,500 ரூபாய் மிஞ்சும். அதில் மாதம் 8,000 ரூபாயைச் சவ்வுக்கும் மோட்டாருக்கும் என்று தனிக் கணக்கில் போட்டுவைத்தால் ஆண்டுக்கு 96,000 ரூபாய் சேரும். இதே கணக்கை 90 வீடுகள் மட்டுமே வாங்கும் என்று மாற்றிப் போடுங்கள். மாத வரவு 18,900 ரூபாயாகிவிடும். அன்றாடச் செலவு போனால் 900 ரூபாய்தான் மிச்சம். கடலுக்குப் போகாத நாட்களில் எத்தனை வீடுகள் விலைக்குத் தண்ணீர் வாங்கும் என்பதை ஊருக்குள் போய்க் கேட்காமல் இதில் எந்த எண்ணிக்கை உண்மை என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்பில் கழியும் உவர்நீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் அது பக்கத்துக் கிணற்றில்தான் போய் இறங்கும்.

இது புதிதாக இறக்குமதியான சிந்தனை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கண்மாய்க்கும் ஊருணிக்கும் பேர்போன மாவட்டம் இது. வரத்துக்கால் தூர்வாருவதற்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் வர வேண்டும், மடையைத் திறக்கும் முறை யாருக்கு என்பதையெல்லாம் வகுத்து வைத்திருந்த குடிமராமத்து, பராமரிப்புச் செலவை முதலிலேயே ஒதுக்கிய ஏற்பாடுதான். தமிழ்நாடு அரசு 2017இல் அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பழைய குடிமராமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலின் நாட்காட்டியில் வேலையைப் பொருத்துதல்

வேலை அட்டவணை தயாரிப்பவர்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கட்டங்களைப் போட்டு, முதல் காலாண்டில் கணக்கெடுப்பு, இரண்டாவதில் குழு அமைத்தல், மூன்றாவதில் பயிற்சி என்று நிரப்பிவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது வேறு. ஒரு பெரிய சார்ட் தாளில் முதலில் கடலை எழுதுங்கள்; அதற்கு மேல் ஊரின் திருவிழாக்களையும், ரமலானையும், பள்ளித் தேர்வுகளையும் எழுதுங்கள்; மிச்சமிருக்கும் இடத்தில் திட்டத்தை எழுதுங்கள்.

கடலை எழுதுவது என்றால் என்ன? கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள்; 2017க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாட்களும் நாட்டுப்படகுகள் மீதி 4 நாட்களும் கடலுக்குப் போவது பல பத்தாண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு. ஆகவே, ‘வாரத்தில் ஒரு நாள் குழுக் கூட்டம்’ என்று எழுதினால் எந்தத் தொழில்காரருடைய ஓய்வு நாள் அது என்பதைக் கேட்டு எழுத வேண்டும். மண்டபம், பாம்பன் பகுதி மக்கள் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் தென்கடலில் இறங்க முடியாது. இரண்டு கடலுக்கும் ஒரே அட்டவணை போட்ட திட்டம் ஒரு கடலிலாவது பாதி ஆண்டு சும்மா கிடக்கும்.

பாசி எடுக்கும் பெண்களின் நாட்காட்டி இன்னும் வேறு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, கோடையில் பாசி வளர இடைவெளி விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த இவர்களுடைய தலைவி லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் பாதுகாப்புக்காக வழங்கப்படும் சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. நிறுவனத்தின் நிலைத்தன்மை பற்றிப் பயிற்சி நடத்த வருபவர்கள், எந்த நிதியும் இல்லாமல் நீடிக்கும் இந்தக் கட்டுப்பாடு எப்படி நீடிக்கிறது என்று அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

நாட்காட்டியைத் தவறவிட்டால் நேரும் பெரிய தீங்கு தாமதமல்ல, பொய்யான வெற்றி. ஒரு வாழ்வாதாரத் திட்டத்துக்கான தொடக்கக் கணக்கெடுப்பை மே மாதத்தில் எடுத்தால், படகும் பாசியும் நின்றிருக்கும் நேரத்தின் வருமானம்தான் பதிவாகும். இறுதிக் கணக்கெடுப்பை இரண்டு ஆண்டு கழித்துப் பிப்ரவரியில் எடுத்தால், நாம் எதுவும் செய்யாமலேயே வருமானம் கூடியிருக்கும். அறிக்கை அழகாக இருக்கும். அதை நம்பி அடுத்த ஊரிலும் அதே திட்டம் தொடங்கும். இரண்டு கணக்கெடுப்பையும் ஒரே மாதத்தில் எடுப்பது என்ற ஒரு விதியை நிறுவனத்தின் தீர்மானமாகவே நிறைவேற்றிவிடுங்கள். தலைகீழாக எடுத்து, நல்ல வேலையைத் தோல்வி என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

எது தாமதித்தால் எல்லாம் தாமதிக்கும் என்ற பழைய கேள்விக்கு இக்கரையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அனுமதி. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எந்த வேலைக்கும் வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். கரையில் கட்டுமானம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். ஊராட்சியின் தீர்மானமும், ஊர்க் கமிட்டி அல்லது ஜமாஅத்தின் இசைவும் சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அனுமதிகள்தாம். இவற்றை ‘முன்தயாரிப்பு’ என்று ஒரு வரியில் அடக்காமல், ஒவ்வொன்றுக்கும் நாட்களையும் பொறுப்பாளரையும் குறித்து அட்டவணையின் முதுகெலும்பாக வையுங்கள்.

மார்ச் 31 நெருக்கடிக்கும் ஒரு வழி இருக்கிறது. இதைப் பல சிறு நிறுவனங்கள் கேட்பதே இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணியைத் தொடக்கத்திலேயே ‘தொடர் திட்டம்’ என்று கம்பெனியின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை அது நடக்கலாம். ஆண்டு முடிவில் செலவாகாத தொகையை 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் மாற்றி வைத்தால் போதும். ஒப்பந்தம் பேசும் நாளிலேயே இந்த வகைப்பாட்டைக் கேளுங்கள். பிப்ரவரியில் கேட்டால் கிடைக்காது.

உண்மைச் செலவைக் கணக்கிடுதல்

சிறு நிறுவனங்களைக் கொல்வது திட்டம் கிடைக்காதது மட்டுமல்ல. கிடைத்த திட்டங்களும் கொல்லும். ஒவ்வொரு திட்டமும் தன் நேரடிச் செலவை மட்டும் கொண்டுவந்து, வாடகை, கணக்காளர், தணிக்கை, செயலாளரின் நேரம் ஆகியவற்றை இலவசமாக உண்டுவிட்டுப் போனால், திட்டங்கள் கூடக் கூட நிறுவனம் இளைக்கும்.

ஒரு கற்பனை நிறுவனத்தின் ஓராண்டுப் பொதுச் செலவை எடுத்துக்கொள்வோம். வாடகை 96,000, கணக்காளர் 2,16,000, தணிக்கையும் சட்டப் பதிவுகளும் 60,000, செயலாளரின் பகுதிச் சம்பளம் 1,80,000, மின்சாரமும் இணையமும் பயணமும் 48,000 என்று மொத்தம் 6,00,000 ரூபாய். மூன்று திட்டங்கள் நடக்கின்றன: பாசி உலர்த்தும் மேடைகள், மாலைப் பள்ளி, அலையாத்திக் கன்று வளர்ப்பு. பணியாளர்கள் மூன்று மாதம் தங்கள் நேரத்தைக் குறித்துவைத்தால், யாருடைய நேரம் எதற்குப் போகிறது என்று தெரிந்துவிடும். அது முறையே 50, 30, 20 சதவீதம் என்று வந்தால், பாசித் திட்டம் சுமக்க வேண்டிய பொதுச் செலவு 3,00,000 ரூபாய். அதன் நேரடிச் செலவு 15,00,000 என்றால் உண்மைச் செலவு 18,00,000. நிதி வழங்குபவர் ‘நிர்வாகத்துக்கு 5 சதவீதம்தான்’ என்று 75,000 ரூபாய் கொடுத்தால், பற்றாக்குறை 2,25,000. கணக்காளரின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம்.

இந்த 5 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சமூகப் பணிப் பிரிவை நடத்தச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாகச் செய்யும் செலவு அந்த வரம்பில் வராது என்று விதியே சொல்கிறது. அப்படியிருந்தும் அந்த எண்ணைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் வைப்பது பழக்கமாகிவிட்டது. பணிவாக, எழுத்தில், விதியைக் குறிப்பிட்டுக் கேட்டால் சிலர் ஒத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவரிடமும், கணக்காளரின் நாட்களையும் கள மேற்பார்வையையும் ‘நிர்வாகம்’ என்று மூட்டை கட்டாமல் திட்டச் செலவின் வரிகளாகவே காட்ட முடியும். அது ஏமாற்று அல்ல, அந்த வேலை அந்தத் திட்டத்துக்காகத்தான் நடக்கிறது.

வெளிநாட்டு நிதி பெறுபவர்களின் நிலைமை 2020இல் இறுகியது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெற்ற நிதியை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதும் தடை செய்யப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்றின் கீழ் ஊர் மட்டத்தில் வேலை செய்துவந்த சிறு அமைப்புகளை அதிகம் பாதித்தது இந்த இரண்டாவது மாற்றம்தான். அப்படிப்பட்ட அமைப்பு இன்று தன் சொந்தக் காலில் நிற்கத் திட்டமிட வேண்டும். வெளிநாட்டு நிதிக்குத் தானே பதிவுபெற வேண்டுமானால் மூன்றாண்டு இருப்பும், அம்மூன்றாண்டுகளில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டதற்கான கணக்கும் வேண்டும் என்பதால், உள்ளூர் நிதியில் செய்யும் சிறு வேலைக்கும் ஒழுங்கான தணிக்கைக் கணக்கு வைத்திருப்பது அவசியம்.

சேமிப்பு பற்றிய ஒரு தவறான எண்ணமும் நீங்க வேண்டும். இலாப நோக்கற்ற நிறுவனம் ஆண்டு முடிவில் சுழியத்தில் நிற்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வருமான வரி விலக்குக்குப் பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கங்களுக்குச் செலவிட்டால் போதும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்தைத் தெரிவித்து அதற்கு மேலும் 5 ஆண்டுகள் வரை ஒதுக்கிவைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் திட்டத்துக்கென்று கட்டிப்போட்ட பணத்திலிருந்து சேமிப்பு வராது. கட்டில்லாத பணம் வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் கீழக்கரை, பெரியபட்டினம் குடும்பங்கள், இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்கள், ஊர்க் கடைக்காரர்கள் ஆகியோரிடம் மாதம் 200 ரூபாய் என்று பெறும் நன்கொடைக்கு அறிக்கை எழுதும் வேலை குறைவு, சுதந்திரம் அதிகம். ஆறு மாதப் பொதுச் செலவு கையில் சேரும்வரை புதிய ஊருக்கு வேலையை விரிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நிறுவனத்துக்கு அது 3,00,000 ரூபாய்.

லாக்பிரேமின் கடைசிப் பத்தி

லாக்பிரேம் அட்டவணையில் நோக்கம், குறியீடு (முன்னேற்றத்தை அளக்கும் அளவு), சான்று என்ற பத்திகளை நிரப்பிவிட்டுக் கடைசியில் இருக்கும் ‘அனுமானங்கள்’ பத்தியில், ‘இயற்கைப் பேரிடர் நேராது’, ‘அரசின் ஒத்துழைப்பு தொடரும்’ என்று எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதுகிறார்கள். அந்தப் பத்திதான் நிறுவனத்தைக் காப்பாற்றக்கூடியது.

கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு இதற்கு நம் கண்முன் உள்ள பாடம். 2000க்குப் பிறகு மண்டபம் பகுதியில் பெண்கள் குழுக்களுக்கு இது பெரிய வாழ்வாதாரமாக வளர்ந்தது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாட்களில் அறுவடை. 2013ஐ ஒட்டிக் கடல்நீர் சூடேறிப் பாசி பெருமளவில் அழிந்தபோது உற்பத்தி சரிந்தது. இன்னொரு பக்கம், வெளியிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் பரவியதை ஆய்வாளர்கள் 2008இலேயே பதிவு செய்திருந்தார்கள். இந்த ஒரே பயிரை நம்பி வங்கிக் கடன், மிதவை, பயிற்சி என்று எல்லாவற்றையும் கட்டிய நிறுவனம், ‘கடல்நீரின் வெப்பம் பாசி தாங்கும் அளவுக்குள் இருக்கும்’ என்ற ஒரு வரியை அந்தப் பத்தியில் எழுதியிருந்தால், அதற்கு எதிரே ‘இல்லாவிட்டால் என்ன செய்வோம்’ என்றும் எழுத வேண்டி வந்திருக்கும். விதைப்பாசியை வேறு இடத்திலும் வைத்திருப்பது, கோடையில் மிதவைகளைக் குறைப்பது, உள்ளூர்ப் பாசி வகைகளுக்கும் இடம் கொடுப்பது, கடன் தவணையை அறுவடையோடு பொருத்துவது என்பவை அப்போது தாமாகவே திட்டத்துக்குள் வந்திருக்கும்.

எழுதும் முறை எளிது. அனுமானம் ஒவ்வொன்றுக்கும் நேரே, அது பொய்க்கிறது என்பதற்கு எது முதல் அறிகுறி, அதை யார் கவனிப்பார், கவனித்தால் எத்தனை நாட்களுக்குள் யாரிடம் சொல்வார் என்று குறியுங்கள். கவனிப்பவர் அலுவலகத்தில் இருப்பவராக இருக்கக் கூடாது. கடலில் இறங்குபவராக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பத்தியை மட்டும் எடுத்து வாசியுங்கள்.

அன்றாட வேலை

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்று பத்திகள் கொண்ட பலகையும், பதினைந்து நாட்களுக்கு ஒரு கூட்டமும் போதும். கார் தொழிற்சாலையிலும் மென்பொருள் கம்பெனிகளிலும் பெரிய பெயர்களோடு நடப்பதும் இதுதான். ‘நடப்பவை’ பத்தியில் ஒருவர் பெயரில் மூன்று அட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதியாக இருக்கட்டும். நான்காவது அட்டை வரும்போது எதை நிறுத்துவது என்று கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும், அந்தக் களப்பணியாளரின் இரவுத் தூக்கம் முடிவு செய்யக் கூடாது.

குறியீடுகளைப் பொறுத்தவரை குறைவாக வையுங்கள். இராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று என்பதால் புள்ளிவிவரம் கேட்பவர்கள் இங்கே பலர். கம்பெனிக்கு ஒரு படிவம், மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு படிவம், வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு படிவம் என்று ஒரே பெண்ணிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது அவருக்கு அவமரியாதை. குழு தன் சொந்த நோட்டில் எழுதும் கணக்கையே அடிப்படையாக்கி, எல்லாப் படிவங்களையும் அதிலிருந்து நிரப்புங்கள். அந்த நோட்டில் இல்லாத தகவலைக் கேட்கும் படிவத்தை முடிந்தவரை பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தலையில் நிற்கும் நிறுவனம்

நம் பகுதித் தொண்டு நிறுவனங்கள் பலவும் ஒரு அண்ணனோ ஒரு சிஸ்டரோ தொடங்கியவை. அவருக்குத்தான் அதிகாரிகளைத் தெரியும். மின்னணுக் கையொப்பமும் கடவுச்சொல்லும் அவரிடம்தான். வங்கிக் கையெழுத்தும் அவருடையது. அவர் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்தால் நிறுவனமும் படுத்துவிடும். ஆபத்துப் பட்டியலின் முதல் வரியாக எழுத வேண்டியதை மரியாதை கருதி யாரும் எழுதுவதில்லை. அவரே எழுதுவதுதான் நல்லது.

நடைமுறையில், பதிவுகளின் புதுப்பிப்பையே ஒரு திட்டமாக நடத்துங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஆண்டுதோறும் பொதுக்குழுவும் தாக்கல்களும், வெளிநாட்டு நிதிக்கான ஆண்டறிக்கை டிசம்பர் 31க்குள், அதன் பதிவுப் புதுப்பிப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வருமான வரிப் பதிவின் புதுப்பிப்பு அதன் தவணையில் என்று ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சிறு அறக்கட்டளைகளின் வரிப் பதிவுக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டியது. உங்கள் சான்றிதழில் எந்தக் காலம் போட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், நீளமான தவணைதான் எளிதில் மறந்துபோகும். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் நாற்பது வயதுக்குக் குறைந்தவராக இருக்கட்டும். ஆண்டில் ஒரு மாதம் நிறுவனரை வேண்டுமென்றே விடுப்பில் அனுப்பிப் பாருங்கள். எந்த வேலை நிற்கிறதோ அதற்குத்தான் அடுத்த ஆண்டு பயிற்சி.

கையளித்தல்

2004 டிசம்பர் ஆழிப்பேரலையில், இலங்கை குறுக்கே நின்றதால் இராமநாதபுரம் கரை நாகப்பட்டினம் அளவுக்கு அடிபடவில்லை. ஆனாலும் பேரலைக்குப் பின் கடற்கரைகளுக்கு வந்த நிதியும் நிறுவனங்களும் போன வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, வெளியேறும் நாள் என்பது தானாக நல்லபடி அமைந்துவிடாது என்று தெரியும்.

திட்டத்தின் கடைசி ஆறு மாதங்களில் புதிய வேலை எதுவும் வைக்காதீர்கள். முதல் இரண்டு மாதங்கள் நம் பணியாளர் செய்ய, குழு உடன் நிற்கட்டும். அடுத்த இரண்டு மாதங்கள் குழு செய்ய, பணியாளர் உடன் நிற்கட்டும். கடைசி இரண்டு மாதங்கள் பணியாளர் அந்த ஊருக்கே போகாமல், அழைத்தால் மட்டும் போகட்டும். அந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை அழைத்தார்கள், எதற்கு அழைத்தார்கள் என்பது எந்த இறுதி மதிப்பீட்டு அறிக்கையையும்விட அதிகம் சொல்லும். நிறைவு விழாவில் மேடையும் சால்வையும் இருந்தால் இருக்கட்டும். ஆனால் அன்று குழுவின் கையில் வங்கிப் புத்தகம், உதிரிபாகங்களின் பெயரும் விலையும் எழுதிய தாள், பரமக்குடியிலோ இராமநாதபுரத்திலோ இருக்கும் மெக்கானிக்கின் எண், சொத்துகள் யாருடையவை என்று சொல்லும் முத்திரையிட்ட ஒப்பந்தம், கணக்கு நோட்டு ஆகியவை இருக்க வேண்டும்.

பிறகு மூன்று மாதம் கழித்து, வாடைக்காற்றாக இருந்தாலும் சரி, தடைக்காலமாக இருந்தாலும் சரி, சொல்லாமல் ஒருமுறை பஸ்ஸில் போய் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். கடைசியாக எழுதப்பட்ட தேதி எது என்பதைக் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.